திம்பம் மலையில் டூயல் கிளட்ச் தாங்குமா?

கேள்வி: சத்தியமங்கலத்தில் பூ வியாபாரம் செய்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் திம்பம் மலைப்பாதை வழியாகச் சாம்ராஜ்நகருக்கும் மைசூருக்கும் நானே கார் ஓட்டிக்கொண்டு போய்வருகிறேன். மற்ற நாள்களில் கோவை, ஈரோடு. ஆண்டுக்கு 28,000 கி.மீ. வரை ஓடுகிறது. இடது முழங்காலில் வலி வந்துவிட்டதால் கிளட்ச் மிதிப்பதை நிறுத்தும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். டீசலில் ஆட்டோமேட்டிக் தேடுகிறேன். டாடா கர்வ் டீசல் டூயல் கிளட்ச் ஓட்டிப் பார்த்தேன், மிகவும் பிடித்துவிட்டது. டெல்லிப் பதிவெண் கொண்ட 2018 ஸ்கோடா ஆக்டேவியா டீசல் டிஎஸ்ஜி (அவர்களின் டூயல் கிளட்ச்) ஒன்று ஒரு தரகரிடம் மலிவாக வருகிறது என்கிறான் தம்பி. அதே தரகரிடம் ஒரு ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசல் டிஎஸ்ஜியும் இருக்கிறதாம். கணவரோ, ‘டூயல் கிளட்ச் என்றாலே கோளாறுதான், பேசாமல் க்ரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் வாங்கு’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: உங்கள் கணவர் சொல்லும் கார் சரி, சொல்லும் காரணம் தவறு. டூயல் கிளட்ச் எல்லாம் கோளாறு என்று ஒதுக்குவது நியாயமில்லை. கோவையிலிருந்து சென்னைக்கு நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கர்வ் வாங்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் திம்பம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் என் பதில் மாறுகிறது.

டீசலா பெட்ரோலா என்பதில் உங்களுக்குக் குழப்பமில்லை, எனக்கும் இல்லை. 2012 வாக்கில் இரண்டுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. குறைவாக ஓட்டுகிறவர்கள் இன்று டீசல் கார் வாங்குவது வீண். உங்கள் கணக்கு வேறு. டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்றும், மைலேஜ் டீசலில் 16, டர்போ பெட்ரோலில் 12 என்றும் வைத்துக்கொண்டால், 28,000 கி.மீ.க்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.75,000 மிச்சம். மேலும் பிஎஸ்-6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேரும் கரி எரிய வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நிற்காமல் நெடுந்தூரம் ஓட வேண்டும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் கார்களில்தான் அது அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி கியர்பாக்ஸ். டூயல் கிளட்ச் பெட்டியின் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்களே. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கிளட்ச்சுகள். 1, 3, 5, 7 ஒரு கிளட்ச்சின் பொறுப்பு. 2, 4, 6 மற்றொன்றின் பொறுப்பு. நீங்கள் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே கணினி நான்காவதைக் கோத்துத் தயாராக வைத்திருக்கும். மாற்ற வேண்டிய கணத்தில் ஒரு கிளட்ச் விடும், மற்றது பிடிக்கும். இடையில் இழுவை அறுபடுவதே இல்லை. ஷோரூம் வண்டியில் உங்களுக்குப் பிடித்துப்போனது இதுதான். டீசல் எஞ்சினுக்கு இது இன்னும் பொருத்தம். பெட்ரோலைப் போல டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுவரை எகிறாது. அதன் வலு 1,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் கிடக்கிறது. கியர் சட்டென்று மாறினால் அந்த வலு நழுவாமல் இருக்கும். அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1939-லேயே இந்த அமைப்பைச் சிந்தித்துவிட்டார். பொதுமக்கள் வாங்கும் காரில் அது வர 2003 ஆயிற்று: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்-32. இரண்டு கிளட்ச்சையும் ஒழுங்காக ஆட்டிவைக்கும் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிக்கல் வேகமாகப் போகும்போது வருவதில்லை, ஊர்ந்து போகும்போது வருகிறது. முதல் கியரில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்குக் கீழே வண்டி ஊர்ந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்கவே முடியாது. பிடித்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஆகவே கிளட்ச் தட்டு உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர்கள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்வார்களே, அதேதான். மேனுவல் காரில் அதை உங்கள் கால் செய்கிறது, வலி எடுத்தால் நிறுத்திவிடுவீர்கள். இங்கே கணினி செய்கிறது, அதற்கு முழங்கால் கிடையாது.

நீங்கள் மலையேறும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். பூ வியாபாரம் என்றால் விடியற்காலை. காட்டுவழியில் வண்டிகளுக்கு உள்ள இரவுத் தடை முடிந்து 6 மணிக்குப் பண்ணாரி சோதனைச்சாவடி திறந்ததும், வரிசைகட்டி நின்ற லாரிகள் ஒன்றாகக் கிளம்பும். திம்பம் போய்ச் சேர 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வளைவில் ஒரு நீளமான லாரி ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் வந்து முன்னால் போகும். அதுவரை அதன் பின்னால் உள்ள அத்தனை வண்டியும் ஏற்றத்தில் நிற்கும். லாரி பத்தடி நகரும், நீங்களும் பத்தடி நகர்வீர்கள், மறுபடி நிற்பீர்கள். இப்போது உங்கள் வலது கால் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலானோர் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை இலேசாக அழுத்தியபடியே வண்டியைப் பின்னால் உருளவிடாமல் ஏற்றத்தில் நிறுத்திவைப்பார்கள். வண்டி அசையாமல் நிற்கும். உள்ளே எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. இரண்டுக்கும் நடுவே உள்ள கிளட்ச் தட்டு அத்தனை வலுவையும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கும். டீசல் எஞ்சினின் இழுவை குறைந்த சுற்றிலேயே அதிகம் என்பதால் அந்தச் சூடும் அதிகம். ஐந்தாறு வளைவுகள் இப்படிப் போனால் கருகிய நாற்றம் வரலாம். டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை ஒளிரலாம்.

இந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது என்பதில்தான் டூயல் கிளட்ச்கள் இரண்டு சாதியாகப் பிரிகின்றன. உலர் கிளட்ச் வகையில் தட்டுகள் காற்றில் சுற்றுகின்றன. எடை குறைவு, விலை குறைவு, மைலேஜ் நன்று. சூடு போக வழி மட்டும் குறைவு. ஈரக் கிளட்ச் வகையில் தட்டுகள் எண்ணெயில் இயங்குகின்றன. எண்ணெய் சூட்டை எடுத்துக்கொண்டு குளிர்விப்பானுக்குப் போகிறது. வென்டோ டீசலில் இருந்தது ஃபோக்ஸ்வேகனின் டிக்யூ-200 என்ற ஏழு கியர் உலர் பெட்டி. அது தாங்கும் உச்ச இழுவை 250 நியூட்டன் மீட்டர். வென்டோவின் 1.5 லிட்டர் டீசல் தருவதும் சரியாக 250. ஓரங்குலம்கூட இடம் விடாத பொருத்தம். இந்த வரம்பு எவ்வளவு கறாரானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இந்தியாவில் 2016-ல் வந்த ஸ்கோடா சூப்பர்பின் 1.8 பெட்ரோல் எஞ்சின் மேனுவல் கியரோடு 320 நியூட்டன் மீட்டர் தந்தது. அதே எஞ்சினை இந்த உலர் டிஎஸ்ஜியோடு விற்றபோது 250-ஆகக் குறைத்தார்கள். பெட்டிக்காக எஞ்சினை அடக்கினார்கள்.

டிஎஸ்ஜிக்குக் கெட்ட பெயர் வந்ததும் பெரும்பாலும் இந்த உலர் பெட்டியால்தான். 2013-ல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுக்க ஏறத்தாழ 16 லட்சம் கார்களில் பெட்டியின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்றினார்கள். வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில், பழைய எண்ணெய் மின்கோளாறுக்கு இடம்கொடுத்தது என்பது காரணம். அந்த விவரிப்பு நம் ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கணவர் காதில் விழுந்த கதைகளும் இவைதான். அவற்றை அவர் எல்லா டூயல் கிளட்ச் மீதும் ஏற்றிவிட்டார். எப்படியிருந்தாலும் வென்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அது போதும், திம்பத்துக்கு வேண்டாம்.

க்ரெட்டா டீசலில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய். எஞ்சின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயைச் சுழற்றி அடிக்க, அந்த எண்ணெய் மறுபக்கத்து இறக்கைகளைத் தள்ளுகிறது. தட்டோடு தட்டு உரசுவதில்லை. ஏற்றத்தில் ஊர்ந்தாலும் சூடாவது எண்ணெய்தான்; அதைக் குளிரவைக்க ஏற்பாடு இருக்கிறது, தேய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் பூட்டு இரண்டையும் நேராக இணைத்துவிடும் என்பதால் மைலேஜும் பழைய காலத்து ஆட்டோமேட்டிக்போல அடிவாங்குவதில்லை. கியர் மாற்றம் கர்வ் அளவுக்கு மின்னலாக இருக்காது. ஆனால் 27 வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மின்னல் எதற்கு?

ஒரு எச்சரிக்கை. க்ரெட்டா ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் கேட்டு வராதீர்கள். அந்த ஒரே காரில் மூன்று வகை இருக்கின்றன. சாதாரண 1.5 பெட்ரோலில் கியர் படிகளே இல்லாத சிவிடி வகை, டர்போ பெட்ரோலில் ஏழு கியர் டூயல் கிளட்ச், டீசலில் மட்டும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். கையிருப்பில் டர்போ பெட்ரோல் இருந்தால் விற்பனையாளர் அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். ‘இதுவும் ஆட்டோமேட்டிக்தான் மேடம், இன்னும் ஸ்பீடா போகும்’ என்பார். கியா செல்டோஸ் டீசலிலும் இதே எஞ்சினும் இதே ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டரும் கிடைத்து வந்தன. க்ரெட்டாவுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். விலை குறைந்த டீசல் கார்கள் சிலவற்றில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று விற்கப்படுவது ஏஎம்டி. அதில் இருப்பது ஒரே கிளட்ச், கணினி மிதிக்கிறது. மலையில் அது கியர் மாற்றும்போது விடும் இடைவெளி உங்களுக்கே பொறுக்காது.

கர்வ் பற்றி. 2024 செப்டம்பரில் அது வந்தபோது, நடுத்தரக் குடும்பம் எட்டக்கூடிய விலையில் டீசலுக்கும் டூயல் கிளட்ச்சுக்கும் மறுபடி ஒரு சேர்க்கை கிடைத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததோடு ஃபோக்ஸ்வேகனும் ஸ்கோடாவும் இந்தியாவில் டீசலை மூட்டை கட்டிவிட்டன. அதன்பிறகு பிஎம்டபிள்யூ எக்ஸ்-1, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ போன்ற பெரிய விலைக் கார்களில்தான் இந்தச் சேர்க்கை இருந்தது. கர்வின் 1.5 லிட்டர் டீசல் தருவது 260 நியூட்டன் மீட்டர். ஏழு கியர் பெட்டி ஈரக் கிளட்ச் வகை. வென்டோவோடு இதை ஒரே தட்டில் வைப்பது அநியாயம். என் தயக்கம் வேறு. டீசலோடு இணைந்த இந்தப் பெட்டி சந்தைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் மலையேறிய வண்டி ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் உள்ளே கிளட்ச் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட இன்னும் போதிய வண்டிகள் ஓடவில்லை. நீங்கள் ஓட்டும் வேகத்தில் ஐந்தாண்டுகளில் 1,40,000 கி.மீ. வந்துவிடும். அந்தச் சோதனையை உங்கள் செலவில் நடத்த வேண்டுமா என்பதே கேள்வி.

இருந்தும் மனம் கர்விலேயே நிற்கிறது என்றால் தடுக்கமாட்டேன். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதத்தை முதல் நாளே வாங்குங்கள். அதில் கிளட்ச் தட்டுகள் ‘தேய்மானப் பொருள்’ என்று விலக்கப்பட்டிருக்கின்றனவா, கிலோமீட்டர் வரம்பு என்ன என்பதை விற்பனையாளரின் வாய்வார்த்தையில் விடாமல் அச்சிட்ட தாளில் படியுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கும் ஆட்டோ ஹோல்டும் உள்ள வேரியன்ட்டையே எடுங்கள். அது இல்லாத மலிவு வேரியன்ட்டில் மிச்சம் பிடிக்கும் பணம் திம்பத்தில் கரையும். ஆட்டோ ஹோல்டு இருந்தால் வண்டி நின்றதும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், கிளட்ச் முழுதாக விட்டுவிடும், ஆக்சிலரேட்டரைத் தொட்டால்தான் பிடிக்கும். மலைப்பாதையில் முன்னால் உள்ள வண்டி இரண்டு கார் நீளம் நகரும்வரை நில்லுங்கள். பிறகு தயங்காமல் ஒரே இழுப்பில் போய் நில்லுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். வளைவுகளில் மேனுவல் மோடுக்கு மாற்றி முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே பிடித்துவையுங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே பெட்டி அல்லாடாது. இறங்கும்போதும் இரண்டாவதில் இறங்கினால் பிரேக் பிழைக்கும். சூடு எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, ‘பி’யில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் விடுங்கள். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றிக் கிளட்ச்சைக் குளிர்விக்கும். பலர் பதற்றத்தில் முதலில் சாவியை அணைக்கிறார்கள். யானை நடமாடும் இடத்தில் மட்டும் இந்த அறிவுரையைக் கேட்க வேண்டாம், அடுத்த சோதனைச்சாவடிவரை மெதுவாகப் போய்விடுங்கள்.

தம்பியின் ஆக்டேவியாவுக்கு வருகிறேன். பெட்டியைப் பொறுத்தவரை அவன் பார்வை மோசமில்லை. ஆக்டேவியாவின் 2.0 லிட்டர் டீசலில் இருப்பது டிக்யூ-250 என்ற ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டி. 350 நியூட்டன் மீட்டர் தாங்கும். எஞ்சின் தருவது 320. பராமரித்த வண்டியாக இருந்தால் ஓட்டுவதற்கு இந்தப் பட்டியலிலேயே சிறந்தது அதுதான், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ‘பராமரித்த’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும். மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். ‘எல்லாம் கம்பெனி சர்வீஸ்தான்’ என்ற பதில் பில் ஆகாது.

பிறகு வண்டியைப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடேற்றி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரியும். எஞ்சினை ஓடவிட்டு, ஐடிலில் காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு அணையுங்கள். அணையும் கணத்தில் அடியிலிருந்து கடகடவென்று இரும்பு தட்டினால் இரட்டை ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. டீசல் எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் விழுங்குவது அதன் வேலை, மாற்றினால் செலவு பெரிது. அடுத்து ஒரு சாய்தளத்தில் பின்னோக்கி மெதுவாக ஏற்றுங்கள். கிளட்ச்சுக்கு அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. நடுங்கினாலோ குதித்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடான பிறகு, நிற்கப்போகும் நேரத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது ‘தடக்’ என்று இடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, டிஎஸ்ஜி தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கணினியை மாட்டி, கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள பிழைப் பதிவுகளையும் கிளட்ச் தேய்மான அளவுகளையும் படிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரோடு உள்ளே பதிவான கிலோமீட்டர் ஒத்துப்போகிறதா என்பதும் அங்கே தெரிந்துவிடும். இந்தப் பெட்டியின் மெக்கட்ரானிக் எனப்படும் மூளைப் பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும் என்பதால், சில ஆயிரம் செலவழித்துப் படிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தரகர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

டெல்லிப் பதிவெண் ஏன் மலிவு என்று தம்பிக்குச் சொல்லுங்கள். 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் 2015-லிருந்தே கெடுபிடி இருந்து வந்தது. பத்தாண்டு ஆவதற்கு முன்பே வண்டியைத் தெற்கே தள்ளிவிடுவது அங்கே ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்த விதி இல்லை, 15 ஆண்டு பதிவு செல்லும். ஆனால் டெல்லி ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரி எல்லாம் சேர்த்தால் மலிவு பாதியாகிவிடும். போதாததற்கு, டெல்லியின் நெரிசலில் ஊர்ந்தே வாழ்ந்த கிளட்ச். ஸ்கோடா பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் உங்களுக்கு 70 கிலோமீட்டர் தள்ளிக் கோவையில்தான் கிடைப்பார். காலை மல்லி மைசூர் போய்ச் சேர வேண்டிய வண்டி உதிரிப் பாகத்துக்காக இரண்டு வாரம் நிற்க முடியுமா?

ஆக வரிசை இது: க்ரெட்டா அல்லது செல்டோஸ் டீசல் டார்க் கன்வெர்ட்டர், மனம் கேட்காவிட்டால் மேலே சொன்ன நிபந்தனைகளோடு கர்வ், வீட்டில் இன்னொரு கார் இருந்தால் மட்டும் ஆக்டேவியா. முன்பணம் கட்டும் முன் க்ரெட்டாவையும் கர்வையும் ஒரே நாளில், பண்ணாரியிலிருந்து திம்பம்வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஈரோடு ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டியது உங்களுக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. இருக்கையில் உட்கார்ந்ததும் இடது கால் வைக்கும் மேடையையும் கவனியுங்கள். மலையில் இரண்டு மணி நேரம் வேலையின்றி மடங்கியே இருக்கும் முழங்காலுக்கு, கால் நீட்ட இடம் இருக்கிறதா என்பதும் கியர்பாக்ஸ் அளவுக்கு முக்கியம். அதை மருத்துவரும் விற்பனையாளரும் சொல்லமாட்டார்கள்.